பிறந்த தேதிய வெச்சு வயசு வாரியா பிரிச்சா லிஸ்ட் தப்பா வருதா? எவ்ளோ தப்புன்னு மொதல்ல பாருங்க

டேபிள்ல எல்லாரோட பிறந்த தேதியும் இருக்கு, 60 முடிஞ்சவங்கள மட்டும் எடுத்துக் குடுங்கன்னு கேக்குறாங்க, டேட்டாபேஸ் கிட்ட கேக்குற ஒரு வரி கேள்வி, அதாவது ஒரு க்வெரி தானேன்னு உக்காந்தா அன்னிக்குப் பொழுது போயிடும். சென்னையில சின்னச் சின்ன ட்ரஸ்ட், க்ளினிக், அபார்ட்மெண்ட் அசோசியேஷன், டியூஷன் சென்டர் இவங்களுக்கெல்லாம் டேட்டாபேஸ் பாத்துக் குடுக்குறவங்க யாரைக் கேட்டாலும் இதே பொலம்பல் தான், கண் பரிசோதனை கேம்ப்புக்கு லிஸ்ட் போட்டா 59 வயசுக்காரர் வந்து நிப்பார், 75 வயசுப் பாட்டி பேரு காணாம போயிருக்கும்.

இதுல நான் எப்பவும் சொல்றது ஒண்ணு தான். க்வெரிய உத்துப் பாத்துட்டு உக்காராதீங்க, தப்பா வந்த ஆளுங்கள பாருங்க. தப்பா உள்ள வந்தவங்க, தப்பா வெளிய போனவங்க ரெண்டுலயும் ஒரு இருவது பேரோட பிறந்த தேதிய ஒரு பேப்பர்ல எழுதி, உண்மையான வயசுக்கும் கம்ப்யூட்டர் சொல்ற வயசுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பக்கத்துல குறிச்சுக்குங்க. மாசக்கணக்குல தப்புன்னா ஒரு காரணம், பத்துப் பதினஞ்சு நாள்னா வேற காரணம், ஒரே ஒரு நாள்னா அது தனி, நூறு வருஷம்னா அது வேற கதை. தப்போட அளவே பாதி பதில சொல்லிடும்.

கீழ எல்லா உதாரணத்துலயும் இன்னிக்கு தேதி 10-06-2026ன்னு வெச்சுக்கலாம், ஃபீல்டு பேரு பிறந்த_தேதி. கோடு துண்டுகள தமிழ்லயே எழுதியிருக்கேன், மைஎஸ்க்யூஎல்லோ போஸ்ட்க்ரெஸ்ஸோ, நீங்க வெச்சிருக்கற டேட்டாபேஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

60 ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கிறவங்க இப்பவே லிஸ்ட்ல வந்துட்டாங்க

25-12-1966ல பொறந்தவர் உள்ள இருக்காரா? அப்போ எங்கயோ வருஷத்துல இருந்து வருஷத்த மட்டும் கழிச்சிருக்கீங்க. 2026ல இருந்து 1966 போனா 60, அவ்ளோ தான் அது பாக்குது, மாசமும் நாளும் அதுக்கு கண்ணுக்கே தெரியாது. நேரா கழிச்சவங்களுக்கு இது ஒடனே புரிஞ்சிடும், ஆனா எஸ்க்யூஎல் சர்வர்ல ரெண்டு தேதிக்கு நடுவுல எவ்ளோன்னு சொல்ற டேட்டிஃப் ஃபங்ஷனுக்கு வருஷம்னு குடுத்துட்டு, அதான் ஃபங்ஷனே போட்டுட்டேனேன்னு நம்பி இருக்கிறவங்க தான் அதிகம். அந்த டேட்டிஃப் எத்தன வருஷம் முடிஞ்சுதுன்னு எண்ணாது, நடுவுல எத்தன ஜனவரி 1 தாண்டியாச்சுன்னு தான் எண்ணும். டிசம்பர் 31ல பொறந்த கொழந்தைக்கு மறுநாளே ஒரு வயசுன்னு சொல்லிடும், வேணும்னா போட்டுப் பாருங்க.

இதுலயே ஒரு குழப்பம், மைஎஸ்க்யூஎல்லயும் டேட்டிஃப்னு ஒண்ணு இருக்கு, அது நாள் கணக்கு மட்டும் தான் குடுக்கும், ஆனா அங்க டைம்ஸ்டாம்ப்டிஃப்புக்கு வருஷம்னு குடுத்தா முடிஞ்ச வருஷத்த சரியா குடுக்கும். அதனால ஒருத்தர் மைஎஸ்க்யூஎல்லுக்கு எழுதினத இன்னொருத்தர் எஸ்க்யூஎல் சர்வருக்கு பேர் மட்டும் மாத்தி எடுத்துட்டுப் போனா க்வெரி ஓடும், எர்ரர் வராது, லிஸ்ட் மட்டும் தப்பா இருக்கும். எர்ரர் வந்தா கூட பரவால்ல, சத்தமே இல்லாம தப்பா வர்றது தான் வெனை.

பத்துப் பதினஞ்சு நாள் முன்னாடியே 60 ஆயிடுது

மொத்த நாள் கணக்க 365ஆல வகுத்திருக்கீங்க. 1966 ஜூன்ல இருந்து 2026 ஜூனுக்குள்ள 1968, 1972ன்னு ஆரம்பிச்சு 2024 வரைக்கும் 15 லீப் வருஷம், அதாவது 15 நாள் கூடுதல். அதனால 60 வயசு முடியறதுக்கு 15 நாள் முன்னாடியே 21,900 நாள் ஆயிடும், 365ஆல வகுத்தா சரியா 60. இன்னிக்கு ஜூன் 10ன்னா 11-06-1966ல இருந்து 25-06-1966 வரைக்கும் பொறந்தவங்க எல்லாரும் தப்பா உள்ள வந்திருப்பாங்க, 26ல பொறந்தவர் வந்திருக்க மாட்டார். இந்த பதினஞ்சு நாள் கூட்டத்த பாத்த உடனே கண்ண மூடிட்டு சொல்லிடலாம் 365 தான்னு.

சரி 365.25ஆல வகுத்துட்டா ஆச்சுன்னு அடுத்து எல்லாரும் அங்க தான் போவாங்க. 60க்கு டெஸ்ட் பண்ணா பிரமாதமா வரும், ஏன்னா நம்ம காலத்து 60 வருஷத்துல எப்பவுமே 15 லீப் நாள் தான், 21,915 நாள், 365.25ஓட 60 மடங்கும் அதே 21,915. சந்தோஷமா அதே கோட 18 வயசுக்கு போடுவீங்க, அங்க பல்ல இளிச்சிடும். 10-06-2008ல பொறந்த பொண்ணுக்கு இன்னிக்கு 18 முடியுது, நடுவுல வர்ற லீப் நாள் 2012, 2016, 2020, 2024 நாலு தான், மொத்தம் 6,574 நாள், ஆனா 18ஐ 365.25ஆல பெருக்கினா 6,574.5 வேணும். அரை நாள் குறையுது, வயசு 17ன்னு காட்டும், நாளைக்குத் தான் 18 ஆகும். 2006 ஜூன்ல பொறந்தவங்களுக்கு இந்தப் பிரச்சனை வந்திருக்காது, அவங்களுக்கு அஞ்சு லீப் நாள். சிலருக்கு சரியா வரும் சிலருக்கு வராதுங்கற மாதிரி பிழைய கண்டுபிடிக்கிறது தான் இருக்கறதுலயே எரிச்சல், அதனால வகுக்குற வேலையே வேணாம், விட்டுடுங்க.

அப்போ என்ன தான் பண்றது

வயச கணக்குப் பண்ணவே பண்ணாதீங்க. ஒவ்வொரு ஆளுக்கும் வயசு கண்டுபிடிச்சு அத 60ஓட ஒப்பிடறதுக்கு பதிலா, இன்னிக்கு 60 முடிஞ்சவர் கடைசியா எந்தத் தேதிக்குள்ள பொறந்திருக்கணும்னு ஒரே ஒரு தடவ கண்டுபிடிங்க, அது தான் எல்லைத் தேதி, அதோட பிறந்த தேதிய நேரா ஒப்பிட்டுடுங்க.

பிறந்த_தேதி <= இன்னிக்கு − 60 வருஷம்

அதாவது 10-06-1966 அல்லது அதுக்கு முன்னாடி. இதுல அடையாளம் திரும்பி நிக்கும், அதுல கவனம் வேணும், வயசு அதிகம்னா தேதி சின்னது. 60க்கு மேலன்னு வாய் சொல்லும்போது கை தானா >= போட்டுடும், போட்டா ஊர்ல இருக்கிற சின்னப் பசங்க எல்லாம் சீனியர் சிட்டிசன் லிஸ்ட்ல வந்து உக்காந்துடுவாங்க. அப்படி வந்தா நல்லது தான், பாத்த உடனே தெரிஞ்சிடும்.

வேகமும் இதுலயே சரியாயிடும். லட்சக்கணக்குல ரெக்கார்டு இருக்கு, பிறந்த_தேதிக்கு இண்டெக்ஸும் (சீக்கிரம் தேட வரிசைப்படுத்தி வெச்ச பட்டியல்) போட்டாச்சு, அப்படியும் க்வெரி நகர மாட்டேங்குதுன்னு பொலம்புறவங்க கண்டிஷன பாத்தீங்கன்னா இடது பக்கம் பிறந்த_தேதி ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். ஃபீல்டு மேல ஃபங்ஷன் போட்டா டேட்டாபேஸ் இண்டெக்ஸ்ல தேதிய தேடிப் போக முடியாது, ஒவ்வொரு ரெக்கார்டா எடுத்து வயசு போட்டுப் பாக்கும். இடது பக்கம் வெறும் ஃபீல்டு, வலது பக்கம் ஒரே ஒரு தேதின்னு வெச்சா இண்டெக்ஸ்ல நேரா அந்த எடத்துக்குப் போய் அங்கிருந்து வாரிட்டு வந்துடும். க்வெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெய்ன் போட்டு முன்னாடி பின்னாடி பாருங்க, வித்தியாசம் தெரியும்.

வயசுன்னே தனியா ஒரு ஃபீல்டு வெச்சு சேவ் பண்ணிட்டா என்னன்னு கேப்பாங்க. வேணாம். ரெஜிஸ்டர் பண்ணும்போது 17ன்னு போட்ட பையன் கல்யாணம் ஆகி கொழந்தை பொறந்தப்புறமும் 17ஆவே இருப்பான். சரி தானா மாறுற ஜெனரேட்டட் ஃபீல்டா வெச்சுக்கலாம்னு பாத்தா மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்க்ரெஸ்ஸும் அதுக்குள்ள இன்னிக்கு தேதிய போட விடாது, நாளுக்கு நாள் மாறுற விஷயம்ங்கறதால எர்ரர் அடிச்சிடும். லிஸ்ட்ல பாக்க வயசு வேணும்னா எடுத்துக் காட்டும்போது கணக்குப் பண்ணிக் காட்டுங்க, பிரிக்கிறத மட்டும் தேதிய வெச்சே பிரிங்க.

18ல இருந்து 25 வரைக்கும் கேட்டேன், 25 வயசுக்காரங்க காணோம்

காலேஜ் பசங்களுக்கு ரத்ததான கேம்ப், 18 டு 25 வேணும்னு கேட்டாங்க, நீங்க பிட்வீன் போட்டு இன்னிக்கு கழித்தல் 25 வருஷத்துல இருந்து இன்னிக்கு கழித்தல் 18 வருஷம் வரைக்கும்னு எழுதியிருப்பீங்க. பாக்க எவ்ளோ சரியா இருக்கு பாருங்க, ஆனா 10-06-2001ங்கறது இன்னிக்குத் தான் 25 முடியறவரோட தேதி, போன செப்டம்பர்லயே 25 முடிச்சவர் 2000 செப்டம்பர்ல பொறந்திருப்பார், அவரும் 25 வயசுக்காரர் தான், அவர வெளிய தள்ளிட்டீங்க. 26 ஆகுற வரைக்கும் ஒரு ஆளு 25 தான். அதனால மேல் எல்லைக்கு ஒரு வருஷம் கூட்டிப் போட்டு, சமம் இல்லாம எழுதணும்:

பிறந்த_தேதி > இன்னிக்கு − 26 வருஷம்
மற்றும் பிறந்த_தேதி <= இன்னிக்கு − 18 வருஷம்

10-06-2000க்கு அப்புறம் பொறந்து 10-06-2008க்குள்ள பொறந்தவங்க. பிட்வீன்ல ரெண்டு பக்கமும் சமம் சேந்தே வரும், அதனால வயசுக்கு பிட்வீன் தோதுப்படாது, அந்தப் பழக்கத்தயே விட்டுடுறது நல்லது. வயசு வாரியா ஸ்லாப் பிரிக்கும்போது, 18 டு 25, 26 டு 40ன்னு, ஒருத்தர் ரெண்டு ஸ்லாப்லயும் வர்றதும் எதுலயும் வராம தொங்குறதும் இதனால தான்.

அதோட கேட்டவங்க என்ன நெனச்சு கேட்டாங்கன்னும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க. ரத்ததானத்துக்கு இங்க 18ல இருந்து 65 வரைக்கும்னு விதி, இதுல 65 முடிஞ்ச அன்னிக்கே நிறுத்தணுமா 66 ஆகுற வரைக்கும் விடலாமாங்கறத நீங்களா முடிவு பண்ணக் கூடாது, ப்ளட் பேங்க் டாக்டர் சொல்லணும். எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

சரியா இன்னிக்கு பொறந்தநாள் இருக்கிறவர் மட்டும் வரல, நாளைக்கு வர்றார்

முன்னாடியோ பின்னாடியோ ஒரு நாள் தப்பு. இதுக்கு மூணு காரணம் இருக்கலாம், மூணும் சேந்து கூட இருக்கலாம்.

மொதல்ல ஃபீல்டோட டைப் பாருங்க. தேதி மட்டும்னு இல்லாம தேதியும் நேரமும்னு இருந்து, யாரோ பொறந்த நேரம் காலைல 9:30ன்னு சேத்துப் போட்டிருந்தா, 10-06-1966 9:30ங்கறது 10-06-1966 நள்ளிரவ விட பெருசு, <= தேறாது, ஆளு அவுட். டைப்ப தேதின்னு மாத்த முடிஞ்சா மாத்திடுங்க, ஜாதகம் கணிக்கிற ஆப்பா இருந்தா ஒழிய பொறந்த நேரத்துக்கு அங்க என்ன வேலை. மாத்த முடியலன்னா எல்லைத் தேதிக்கு அடுத்த நாள எடுத்து < மட்டும் போடுங்க.

ரெண்டாவது, சர்வர் எந்த ஊரு நேரத்துல ஓடுது. க்ளவுடுல எடுத்த சர்வர் பெரும்பாலும் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல தான் இருக்கும், நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம். இங்க ராத்திரி பன்னெண்டுல இருந்து விடியக்காலம் அஞ்சரை வரைக்கும் சர்வருக்கு இன்னும் நேத்து தான். பகல்ல ஓட்டினா சரியா வருது, ராத்திரி ஒரு மணிக்கு தானா ஓடுற ஜாப் மட்டும் தப்பா வருதுன்னா வேற எங்கயும் தேட வேணாம், இது தான். எஸ்க்யூலைட்ல இப்போ நேரம்னு கேட்டா எங்க ஓடினாலும் யூடிசி தான் குடுக்கும், லோக்கல்டைம்னு சேத்துக் கேக்கணும். இந்தியத் தேதிய அப்ளிகேஷன்லயே கண்டுபிடிச்சு க்வெரிக்கு ஒரு மதிப்பா அனுப்பிடுங்க, டேட்டாபேஸ் கிட்ட இன்னிக்கு என்ன தேதின்னு கேக்கவே வேணாம். டெஸ்ட் பண்ணவும் வசதி, எந்தத் தேதி வேணும்னாலும் குடுத்துப் பாக்கலாம்.

மூணாவது தான் மோசமானது, சேவ் ஆகும்போதே ஒரு நாள் கொறைஞ்சு சேவ் ஆயிருக்கும், நேரத்த விட்டுட்டு தேதிய மட்டும் ஒப்பிட்டா இதுல ஆளு ஒரு நாள் முன்னாடியே வந்துடுவார். ஃபீல்டுல எல்லாருக்கும் 18:30:00ன்னு ஒரே நேரம் தெரியுதா? ஃபார்ம்ல ஜூன் 10ன்னு சரியா தேர்ந்தெடுத்தாங்க, ஜாவாஸ்க்ரிப்ட் அத இந்திய நேரம் நள்ளிரவுன்னு எடுத்துக்கிட்டு, அனுப்பும்போது யூடிசிக்கு மாத்தி ஜூன் 9 மாலை 18:30ன்னு அனுப்பிடுச்சு. தேதிய வெறும் எழுத்தா, வருஷம்-மாசம்-நாள்னு அனுப்புற மாதிரி மாத்தணும். ஏற்கனவே கெட்டுப் போனதுக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டி தேதிய மட்டும் எடுத்தா போதும், ஆனா பெரியவங்க இருக்கிற லிஸ்ட்ல ஒரு சின்ன வில்லங்கம் இருக்கு: ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும் இந்தியாவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க, யூடிசியோட ஆறரை மணி வித்தியாசம். ப்ரௌசருக்கு இந்தப் பழைய சரித்திரம் எல்லாம் தெரியும். அதனால 1943ல பொறந்த தாத்தாவோட ரெக்கார்டுல 18:30க்கு பதிலா 17:30 இருக்கும், அதுக்கு அஞ்சரை மணி மட்டும் கூட்டினா முந்தின நாள் ராத்திரி 11லயே நின்னுடும். வெறும் +5:30 போடாம ஆசியா/கொல்கத்தான்னு டைம்ஸோன் பேரக் குடுத்து மாத்துங்க, அது பாத்துக்கும்.

லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கும் வயசுக்கும் சம்பந்தமே இல்ல

13 வயசுப் பையன் இருக்கான், 76 வயசுக்காரர் இல்ல. வந்தவங்க எல்லார் பிறந்த தேதியும் வரிசையா பாருங்க, எல்லாருமே மாசத்தோட ஒண்ணாம் தேதில இருந்து பத்தாம் தேதிக்குள்ளயே பொறந்திருக்காங்களா? அப்போ பிறந்த_தேதி தேதியே இல்ல, எழுத்தா சேவ் ஆயிருக்கு. எழுத்துன்னா இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு எழுத்தா தான் ஒப்பிடும், 05-08-2012ல மொத எழுத்து 0, எல்லைத் தேதி 10-06-1966ல மொத எழுத்து 1, 0 சின்னது, பையன் பாஸ். 25-01-1950ல மொத எழுத்து 2, பெரியவர் ஃபெயில். வருஷம் வரைக்கும் போய் பாக்கறதே இல்ல.

புதுசா தேதி டைப்ல ஒரு ஃபீல்டு போட்டு, நாள்-மாசம்-வருஷம்னு வடிவத்த தெளிவா சொல்லி மாத்தி அதுல போடுங்க. பழசு ஒரு ஓரமா இருக்கட்டும், ஒடனே அழிச்சிடாதீங்க, மாறாம நின்னதெல்லாம் எதுன்னு பாக்க அது வேணும். 31-06-1958, 29-02-1962 மாதிரி இல்லவே இல்லாத தேதி கண்டிப்பா நாலஞ்சு கெடைக்கும்.

சிலருக்கு சில மாசம் முன்ன பின்ன, சிலருக்கு தேதியே இல்ல

ஏத்தும்போது மாசமும் நாளும் எடம் மாறியிருக்கு. நாம 05/06/1966ன்னா ஜூன் 5, அமெரிக்க செட்டிங் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது மே 6. 25/06/1966ன்னா 25ஆவது மாசம் இல்லையே, அதனால எர்ரர் அல்லது காலி. எக்ஸெல்ல தொறந்தப்பவே இது தெரியும், தேதியா எடுத்துக்கிட்டது வலது பக்கம் ஒட்டி நிக்கும், புரியாதது எழுத்தாவே இடது பக்கம் நிக்கும். டேட்டாபேஸ்ல ஏறினதுக்கு அப்புறம் கண்டுபிடிக்க ஒரு சோதனை, எல்லார் பிறந்த தேதியிலயும் நாள மட்டும் எடுத்து அதுல பெருசு எதுன்னு கேளுங்க. ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர் கூட 12ஆம் தேதிக்கு மேல பொறக்கலன்னு வந்தா முடிஞ்சுது கதை. க்வெரி போட்டு திருப்பி மாத்திக்கலாம்னு ஆசைப்படாதீங்க, எது மாறினது எது சரியா ஏறினதுன்னு 12 வரைக்கும் உள்ள தேதில தெரியாது, மூல ஃபைல்ல இருந்து மறுபடி ஏத்துறது தான் ஒரே வழி.

வயசு மைனஸ்ல வருது, இல்ல 126ன்னு வருது

மைனஸ்னா ரெண்டு இலக்க வருஷம். பழைய ரெஜிஸ்டர்ல 14-03-58ன்னு எழுதியிருப்பாங்க, மைஎஸ்க்யூஎல் 70ல இருந்து 99 வரைக்கும் 1900கள்லயும் 00ல இருந்து 69 வரைக்கும் 2000கள்லயும் போடும், அதனால இவர் 2058ல தான் பொறக்கப் போறார். எஸ்க்யூஎல் சர்வர் சும்மா விட்டா 50ல தான் பிரிக்கும், அங்க 58 சரியா வந்துடும் ஆனா 47 வராது. யாரெல்லாம் தொலைஞ்சாங்கன்னு பாருங்க, நீங்க தேடுற பெரியவங்களே தான். இன்னிக்கு தேதிக்கு அப்புறம் பொறந்தவங்கள எல்லாம் நூறு வருஷம் பின்னாடி தள்ளிடலாம், அதுல சந்தேகம் இல்ல. 22ன்னு எழுதியிருந்தா தான் யோசிக்கணும், நாலு வயசுக் கொழந்தையாவும் இருக்கலாம் 104 வயசு கொள்ளுப் பாட்டியாவும் இருக்கலாம், பக்கத்து ஃபீல்டுல ஸ்கூல் இருக்கா பென்ஷன் இருக்கான்னு பாத்துத் தான் முடிவு.

126 வயசுன்னா 01-01-1900. எஸ்க்யூஎல் சர்வர்ல காலி எழுத்த தேதியா மாத்தினா இந்தத் தேதி வரும், காலி விட்டவங்க எல்லாரும் இதுல குவிஞ்சிருப்பாங்க. இத கூட கண்டுபிடிச்சிடலாம், கண்ணுக்கே தெரியாதது 01-01-1970, பூஜ்யத்த நேரமா மாத்தினா வர்றது, வயசு 56ன்னு நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. இன்னும் நாலு வருஷத்துல இந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே நாள்ல சீனியர் சிட்டிசன் ஆயிடும். ஒண்ணு சொல்லிடறேன், மைஎஸ்க்யூஎல்ல டைம்ஸ்டாம்ப் டைப்ல பிறந்த தேதி வெச்சிருந்தா தூக்கிடுங்க, அதால 1970க்கு முன்னாடி உள்ள தேதிய வெச்சுக்கவே முடியாது.

ஜனவரி 1ல மட்டும் திடீர்னு ஏகப்பட்ட பேர் வர்றாங்க

இதுல கோடு தப்பு எதுவும் இல்ல. பிறந்த தேதிய மாசம், நாள் வாரியா கூட்டிப் பாருங்க, ஜனவரி 1 தனியா மலை மாதிரி நிக்கும். நம்மூர்ல பெரியவங்க பல பேருக்கு பொறந்த வருஷம் தான் தெரியும், அதுவும் குத்துமதிப்பா தான். ஆதார்ல கூட வருஷம் மட்டும் அச்சடிச்சிருக்கிற கார்டுங்க நெறைய இருக்கு. ஃபார்ம்ல முழு தேதி போட்டா தான் சேவ் ஆகும்னு வெச்சிருந்தா எண்ட்ரி போடுறவர் என்ன பண்ணுவார், 01-01ன்னு தட்டிட்டு அடுத்த ஆளப் பாப்பார். ஜனவரிக்கு அடுத்து மே, ஜூன்லயும் ஒரு மேடு தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க, அந்தக் காலத்துல கைய தலைக்கு மேல சுத்தி எதிர்ப்பக்கம் காத தொட முடியுதான்னு பாத்து ஒண்ணாப்புல சேத்துட்டு, ஜூன்ல ஸ்கூல் தொறக்குறப்போ அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணுமேன்னு வாத்தியாரே ஒரு தேதி போட்டுடுவார், அதுவே சர்டிஃபிகேட்டு, அதுவே ஆயுசுக்கும் பொறந்தநாள். அந்தத் தேதி சட்டப்படி சரி, அத தொடாதீங்க.

ஜனவரி 1க்கு ஒரு வழி இருக்கு. தேதி எந்த அளவுக்கு உறுதின்னு இன்னொரு ஃபீல்டு: முழு தேதி, மாசம் வரைக்கும், வருஷம் மட்டும். வருஷம் மட்டும் தெரிஞ்ச 1966காரங்கள 60 முடிஞ்சவங்க லிஸ்ட்ல சேக்காம, விட்டும்விடாம தனியா ஒரு லிஸ்ட்ல எடுத்துக் குடுத்துடுங்க, ஃபோன் போட்டுக் கேக்க வேண்டியது அவங்க.

பிப்ரவரி 29

29-02-2008ல பொறந்தவருக்கு 2026ல 18 எப்போ முடியுது? இன்னிக்கு தேதில இருந்து 18 வருஷம் கழிக்கிற வழில மைஎஸ்க்யூஎல், போஸ்ட்க்ரெஸ் ரெண்டும் மார்ச் 1ன்னு சொல்லும், ஏன்னா பிப்ரவரி 28ல இருந்து கழிச்சா 28-02-2008 தான் வரும், இவர் அதுக்கு மறுநாள். பிறந்த தேதியோட 18 வருஷத்த கூட்டுற வழில போனா அதே டேட்டாபேஸே பிப்ரவரி 28ன்னு சொல்லும். ஆரக்கிள்ல ஆட்_மன்த்ஸ் ஃபங்ஷன் மாசக் கடைசின்னா மாசக் கடைசியாவே எடுத்துக்கும், அதுல கூட்டினாலும் கழிச்சாலும் 28 தான். ரெண்டு ஸ்க்ரீன்ல ரெண்டு மாதிரி வருதுன்னா ஒண்ணு கூட்டுது ஒண்ணு கழிக்குதுன்னு அர்த்தம், எதாவது ஒண்ண வெச்சுக்குங்க.

60க்கு மேல இத்தன, 60க்கு கீழ இத்தன, கூட்டினா மொத்தம் வரல

பிறந்த தேதி காலியா இருக்கிறவங்க. நல் (NULL) அதாவது காலி மதிப்ப எதோட ஒப்பிட்டாலும் ஆமாவும் வராது இல்லையும் வராது, நாட் (NOT) போட்டு திருப்பினாலும் வராது. தேதி தெரியாதவங்கன்னு மூணாவதா ஒரு வரி சேத்து ரிப்போர்ட் குடுங்க.

எல்லாம் சரி, அப்பவும் ஆஃபீஸ்ல தப்புன்னு சொல்றாங்க

அவங்க எந்தத் தேதிப்படி வயசு பாக்குறாங்கன்னு கேட்டீங்களா? எம்டிசி பஸ்ல 60 முடிஞ்சவங்களுக்கு இலவசப் பயண டோக்கன்னா இன்னிக்கு தேதிப்படி பாத்தா சரி. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம்னா ஜூலை 1 அன்னிக்கு என்ன வயசுன்னு தான் பாப்பாங்க, நீங்க விண்ணப்பிக்கிற நாள் இல்ல. வாக்காளர் பட்டியலுக்கு முன்னாடி ஜனவரி 1 மட்டும் தான், 2022ல இருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒண்ணாம் தேதின்னு நாலு. அதனால க்வெரில இன்னிக்குன்னு நேரா எழுதாம கணக்குத்_தேதின்னு ஒரு மதிப்பா வெச்சுக்குங்க, கேக்குறவங்க சொல்ற தேதிய அதுல போட்டுட்டா போதும்.

சமம் போடணுமா வேணாமாங்கறது கூட விதிக்கு விதி மாறும். 1875ஆம் வருஷத்து மேஜர் வயசு சட்டப்படி 18ஆவது பொறந்தநாள் ஆரம்பிக்கும்போதே மேஜர், அதனால <= சரி. வருமான வரில ஏப்ரல் 1ல பொறந்தவர் அதுக்கு முந்தின நாள், மார்ச் 31லயே அந்த வயச முடிச்சிட்டதா எடுத்துக்கணும்னு 2016ல நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கு. 31-03-2026படி 60 முடிஞ்சவங்கள எடுக்கும்போது எல்லைத் தேதி 31-03-1966 இல்ல, 01-04-1966. ஆடிட்டர் ஒருத்தர் விட்டுப் போச்சேன்னு சத்தம் போட்டா கோட திட்டாதீங்க, அந்த ஒரு நாள பாருங்க.

போன வாரம் குடுத்த லிஸ்ட்டும் இந்த வாரம் எடுத்ததும் ஒத்துப் போகலன்னு வேற வருவாங்க, நடுவுல நாலு பேருக்கு பொறந்தநாள் வந்து போயிருக்கும். ரிப்போர்ட் தலைப்புலயே கணக்குத் தேதியயும் எல்லைத் தேதியயும் அச்சடிச்சு குடுத்துடுங்க, அடுத்த தடவ அதே தேதிய போட்டு எடுத்தா அதே லிஸ்ட் வரணும், வரலன்னா யாரோ பிறந்த தேதிய திருத்தியிருக்காங்க, அது யாருன்னு தேடுங்க.